வெளிச்சம் காணாது

வானுக்குப் பச்சை அடித்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முன் அது வெள்ளை வான். இங்கிலாந்தில் செய்தது, என்னைவிட ஐந்து வயது இளையது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே எங்களுக்கு வயலும் வீடும் இருந்த காலத்தில் அதில் நெல் மூட்டையும் ஏற்றினேன், கலியாணத்துக்குப் போகிறவர்களையும் ஏற்றினேன். தொண்ணூற்றாறில் கிளிநொச்சிப் பக்கம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், ஆறு மூட்டை நெல், இரண்டு கதிரை, ஒரு பெரிய தகரம் பச்சைப் பெயின்ற் எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துக்கொண்டு ஜெயபுரம் வந்து சேர்ந்தோம். பெயின்ற், வீட்டுக்குப் புதிதாகப் போட்ட யன்னல்களுக்கு வாங்கியது. யன்னல்களை விட்டுவிட்டு அவற்றுக்கு அடிக்கிற பெயின்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது சாமான் இறக்கும்போதுதான் உறைத்தது. மனைவி சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெயபுரத்தில் வெள்ளை வான் வைத்திருப்பது ஆபத்து. குண்டு போடுகிற பொம்பர் சுற்றும்போது காட்டுக்குள் வெள்ளையாக எது தெரிந்தாலும் மேலே இருப்பவனுக்குப் போதும். சிலர் வாகனத்துக்குச் சேறு பூசினார்கள், சிலர் குழை கட்டினார்கள். நான் பெயின்ற் அடித்தேன். தொட்ட வேலையை அரைகுறையாக விடமாட்டேன் என்று எங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை மற்றவர்களைவிட நான்தான் அதிகம் நம்பினேன். மேலாகத் தடவிவிட்டுப் போகாமல், முன்விளக்கு வளையங்களைக் கழற்றி, நம்பர் தகட்டைக் கழற்றி, பொனற்றைத் திறந்து பற்றரியை இறக்கி, அதன் வயர்கள் பூட்டியிருந்த போல்ற்றுகளையும் கழற்றி, கறள் பிடித்த இடமெல்லாம் சுரண்டி, உள்ளும் புறமும் ஓர் அங்குலம் விடாமல் அடித்தேன். காயவிட்டு மறுபடியும் ஒரு பூச்சு. பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். பார்த்தவர்கள் கொம்பனி வேலை மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

வான் நின்ற காணி எங்களுடையது அல்ல. அதன் சொந்தக்காரர் மலையகத்திலிருந்து வந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அங்கே அடித்துத் துரத்தியபோது மனைவியையும் ஒரு தகரப் பெட்டியையும் மட்டும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கிணறு தோண்டி, மிளகாயும் கச்சானும் செய்துகொண்டிருந்தார். ஒரே மகள் வவுனியாவில் நெளுக்குளத்தில் கட்டிப்போயிருந்தாள். இடையில் சோதனைச் சாவடிகள் இருந்ததால் நினைத்தவுடன் வந்துபோக முடியாது. இங்கே புருஷனும் மனைவியும் மட்டும்தான். நாங்கள் வீதியோரம் வானுக்குள் இரண்டு இரவு கிடந்ததைக் கண்டுவிட்டு அவராகவே வந்து, தன்னுடைய காணியில் பெரிய பாலை மரம் நிற்கிறது, வானை அதற்குக் கீழே விட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். வானுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொட்டில் போட இடமும் தந்தார். தடி வெட்டி, கிடுகு கட்டி, கொட்டிலை மேய்ந்து தந்ததும் அவர்கள் இருவரும்தான். வாடகை என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று நேரில் ‘நீ’ என்றுதான் சொன்னேன். எங்களுக்குள் கதைக்கும்போது ‘அவன்’. இத்தனைக்கும் எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை ‘ஐயா’ என்றார். பின்னேரங்களில் தோட்டத்து வேலை முடிந்து கதைக்க வருவார். அவருடைய காணியில், அவருடைய மரத்துக்குக் கீழே, நான் என் கதிரையில் இருப்பேன், அவர் வானில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். இரண்டாவது கதிரை சும்மா கிடக்கும். இருக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. கூடவே, எங்கள் ஆட்கள் யாராவது வீதியால் போகும்போது கண்டால் என்ன நினைப்பார்கள் என்றும் தோன்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே குடியேறிய குடும்பம் என்ற எண்ணம், வீடும் வயலும் போன பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. மலையகத்து ஆட்களைக் குறிக்க எங்களிடம் ஒரு சொல் உண்டு. அதை இங்கே எழுதமாட்டேன். அந்த நாட்களில் தாராளமாகச் சொன்னேன்.

பெயின்ற் அடித்த பிறகு சில வாரங்கள் இருட்டில் வான் எடுக்கவில்லை. முதல்முறை எடுத்தபோதுதான் முன்விளக்குகள் மங்கிப் போயிருப்பது தெரிந்தது. அந்த வருடங்களில் வன்னியில் ஓடிய எல்லா வாகனங்களுக்கும் விளக்குக் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்புப் பூசியிருக்கும், அதுவும் பொம்பருக்குப் பயந்து. மிச்சப் பாதியால் விழுகிற வெளிச்சத்தில்தான் பள்ளம் கிடங்கையும், நடுவீதியில் படுத்திருக்கும் மாட்டையும் பார்த்து ஓட வேண்டும். என் வானில் அந்தப் பாதியும் போத்தல் விளக்கு மாதிரி மஞ்சளாக அழுதது. கோன் அடித்தால் கிழவன் இருமுவது போல ஒரு சத்தம் வந்தது.

பிழை பல்பில் என்று முடிவு கட்டினேன். வன்னிக்குள் பல்ப் வருவது லேசான காரியம் அல்ல. பற்றரி, வயர், பல்ப் எல்லாம் சாவடியில் மறிக்கிற சாமான்கள். வவுனியாவிலிருந்து வந்த ஒரு அம்மா மாப் பைக்குள் புதைத்து இரண்டு பல்ப் கொண்டுவந்து தந்தா. மாவைத் தட்டி, துடைத்து, சாமிக்கு வைக்கிற பொருள் மாதிரி பக்குவமாகப் பூட்டினேன். அதே மஞ்சள். அடுத்ததாக, விளக்குக் கிண்ணத்துக்குள் இருக்கிற வெள்ளிப் பூச்சில் அழுக்கு ஏறியிருக்க வேண்டும் என்று நினைத்து இடது பக்கத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். குசினிப் பாத்திரம் என்றால் பளபளத்திருக்கும். இது பூச்சோடு கழன்று வந்துவிட்டது. தேய்த்த இடத்தை மறைக்க சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளை வெட்டி ஒட்டினேன். மல்லாவியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த மெக்கானிக் டைனமோவைக் கழற்றிப் பார்த்து, அதில் ஒரு குறையும் இல்லை, வான் கிழண்டிவிட்டது, அவ்வளவுதான் என்றார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். வானுக்கு வயதாகிவிட்டது என்றால் அதில் என் பிழை ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் காணிக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் போட்டுத் தேய்க்கும்போது மட்டும், வேண்டாம் என்பது போல ஒரு தரம் கையை நீட்டினார். நான் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மடக்கிக்கொண்டார். ஒரு பின்னேரம் நான் விளக்கைப் போட்டுவிட்டுக் கோன் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, கோன் சத்தத்தோடு விளக்கும் சுருங்குவதைக் கவனித்துச் சொன்னார்:

“ஐயா, பல்பு இல்லீங்க. எர்த்து புடிக்கல. பேட்டரியில இருந்து பாடிக்கு வர்ற வயரு பெயின்டுக்கு மேல பூட்டியிருக்குங்க. பெயின்டுல கரண்டு பாயாதுங்க.”

மலையில் இருந்தபோது தேயிலைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் எஞ்சினும் டைனமோவும் பார்த்தவர் அவர். தொழிற்சாலையை அவர்கள் ஸ்டோர் என்பார்கள். “ஸ்டோர்ல இதே மாதிரிதாங்க” என்று தொடங்கினார். நான் முடிக்க விடவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றவனுக்கு வானைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் நின்றது கொழுந்து நிறுக்கிற இடத்தில் அல்ல, எஞ்சின் அறையில் என்று அதற்கு முன் இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது நன்றாகத் தெரியும். பெயின்ற் என்ற சொல்தான் என்னைச் சுட்டது. என் கொம்பனி வேலையில் பிழை பிடிக்க இவன் யார் என்று இருந்தது. அவர் சிரித்துவிட்டு மிளகாய்க்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் பொழுதுபட்ட நேரத்தில், குளத்துக்குக் கீழே எங்கள் வீட்டு வரிசையில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அவருடைய மனைவி வந்து நின்றதும் நான் சேட்டைக்கூடப் போடவில்லை, வெறும்மேலோடு வானில் ஏறினேன். அதே மஞ்சள் விளக்குகள்தான். தபாலதிபரின் மருமகன் பக்கக் கதவால் எட்டி ரோர்ச் அடித்துக்கொண்டு வந்தார். வன்னேரிக்குளம் தாண்டி, வெள்ளம் நின்ற இடங்களை ஊகித்து ஊகித்து ஓட்டி, தபாலதிபரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கடைசியில் அது வாய்வு. மத்தியானம் மரவள்ளிக் கிழங்கை ஒரு பிடி பிடித்திருக்கிறார். அடுத்த நாள் ஊரெல்லாம் என்னைப் பற்றித்தான் கதை, இந்த வெளிச்சத்தோடு போய்வந்தாரே என்று. நானும் கூச்சப்படுவது போலக் காட்டிக்கொண்டு எல்லாருக்கும் சொன்னேன். காணிக்காரரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதற்கு அடுத்த கிழமை அவருடைய மனைவிக்குக் காய்ச்சல். அந்த மாரியில் வன்னியில் மலேரியா வராத வீடு இல்லை, அதனால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம், வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்த நேரம், அவர் வேலியடியால் ஓடிவந்தார். நான் கதிரையில் இருந்தேன். மனைவி விளக்குக்குத் திரி வெட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, காய்ச்ச தலைக்கேறிருச்சுங்க. ஆளு அடையாளம் தெரியல. கையும் காலும் வெட்டி இழுக்குது. வண்டியக் கொஞ்சம் எடுங்க.”

நான் எழும்பவில்லை. இதை எழுதும்போது என் கால்கள் அந்தக் கதிரையில் எப்படிக் கிடந்தன என்பதுகூட ஞாபகம் வருகிறது. ஒன்றை மற்றதன் மேல் போட்டிருந்தேன். வானத்தைப் பார்த்தேன், வானைப் பார்த்தேன். அன்று காலைதான் ஆசனங்களைக் கழுவிக் காயவிட்டிருந்தேன். அடுத்த நாள் தபாலதிபர் வீட்டார் கோயிலுக்குப் போக வான் கேட்டிருந்தார்கள். இழுப்பு வந்த ஆள் சத்தி எடுத்தால் வாந்தி மணம் போகாது என்று நினைத்தேன். ஆம், அதைத்தான் நினைத்தேன். ஓர் உயிர் போகப் பார்க்கிறது, நான் ஆசனத்தை நினைத்தேன். ஆனால் அதை வாயால் சொல்ல முடியாதே. சொல்லக்கூடிய காரணம் ஒன்று கையில் இருந்தது.

“வெளிச்சம் காணாது,” என்றேன். “இந்த மங்கின லைற்றோடை போய் எங்கையும் வெள்ளத்துக்கை விட்டனெண்டால் எல்லாற்றை கதையும் முடிஞ்சுது. விடிய வா, கொண்டுபோறன்.”

“லைட்ட நான் சரி பண்ணித் தர்றேங்க. பத்து நிமிசம். எர்த்துதாங்க. ஒரு ஸ்பானர் மட்டும் குடுங்க.”

“நீ அதிலை கை வைக்காதை. இருக்கிறதும் இல்லாமல் போயிடும்.”

அவர் வானின் முன்விளக்கைப் பார்த்தார். போன கிழமை தபாலதிபரைக் கொண்டுபோனதைச் சொல்லிக் கேட்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அப்படிக் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், கத்திவிட்டு ஒருவேளை வானை எடுத்தும் இருப்பேன். அவர் கேட்கவில்லை. “சரிங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். என் கொட்டில் நின்ற நிலத்தை விட்டு என்னை எழும்பச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த உரிமையையும் அவர் தொடவில்லை.

அரை மணித்தியாலத்தில் அவர்கள் எங்கள் கொட்டிலைக் கடந்து போனார்கள். சைக்கிள் கரியரில் பலகை கட்டி அதில் அவருடைய மனைவியை இருத்தி, சரியாமல் இருக்க முதுகோடு ஒரு தடியை வைத்துச் சீலையால் சுற்றியிருந்தது. தலை ஒரு பக்கம் தொங்கியது. காணிக்காரர் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ள, அடுத்த காணிக்காரர் பின்னால் தாங்கிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரிக்கு அப்படித் தள்ளிக்கொண்டு போக ஐந்து மணித்தியாலமாவது எடுக்கும். வானில் இருட்டில் மெல்லப் போனாலும் ஒன்றரை மணித்தியாலம். அவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மழை தூறத் தொடங்கியது.

மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். “போயிருக்கலாம்” என்றாள்.  நான் லைற் என்றும் வெள்ளம் என்றும் நிறையச் சொன்னேன். பிள்ளைகள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படுத்தேன், நித்திரை வரவில்லை. நிலம் வெளுக்கும் முன்னரே எழும்பி, ஒரு ஸ்பானரையும் மனைவியின் காய்கறிக் கத்தியையும் போத்தல் விளக்கையும் எடுத்துக்கொண்டு வானடிக்குப் போனேன். அவர் சொன்னது பிழை என்று நிரூபிக்கத்தான் போனேன், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. பொனற்றைத் திறந்து, பற்றரியிலிருந்து வந்த பின்னல் வயர் வான் உடம்போடு பூட்டியிருந்த போல்ற்றைக் கழற்றினேன். வயரின் நுனி இருந்த இடத்தில், யன்னலுக்கு வாங்கிய அந்தப் பச்சை, இரண்டு பூச்சு, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. போல்ற்றின் மரையால் கசிந்த கொஞ்சக் கரண்டில்தான் இவ்வளவு நாளும் விளக்குகள் எரிந்திருக்கின்றன. பெயின்றைக் கத்தியால் சுரண்டினேன். வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, வயரின் நுனியையும் சுரண்டி, இறுக்கிப் பூட்டினேன். முன்விளக்குகளின் எர்த் வயர்களும் அப்படித்தான் இருந்தன. அவற்றையும் சுரண்டினேன். விளக்கைப் போட்டேன். பாலை மரத்தின் அடியிலிருந்து கிணற்றுக்கட்டு வரை வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது. நான் தேய்த்துக் கெடுத்த இடது பக்கம்கூட வெள்ளித்தாளோடு சேர்த்து நன்றாகத்தான் எரிந்தது. கோன் அடித்துப் பார்க்கத் துணிவில்லை.

மணிக்கூட்டைப் பார்த்தேன். முழு வேலைக்கும் ஒன்பது நிமிஷம். அவர் பத்து என்றிருந்தார்.

வேறு ஊராக இருந்திருந்தால் இந்தப் பிழை முதல் நாளே பிடிபட்டிருக்கும். திறப்பைத் திருப்பியதும் ஸ்ராட்டர் முனகிக் காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் ஊரில் ஸ்ராட்டரைத் தொடுகிறவர் யார்? இருக்கிற பற்றரியைக் காப்பாற்ற எல்லாரும் முன்னால் வளைகம்பியைச் செருகிச் சுழற்றித்தான் வாகனத்தை எழுப்பினோம். பொம்பருக்குப் பயந்து பெயின்ற் அடித்ததும் பற்றரிக்குப் பயந்து வளைகம்பி சுழற்றியதும் சேர்ந்து பிழையை மூடிவிட்டன. இதை எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. பிழையைக் கண்டவர் ஒருவர் இருந்தார், வாய் திறந்து சொல்லியும் இருந்தார்.

உடனே வானை எழுப்பிக்கொண்டு புறப்பட்டேன். வன்னேரிக்குளத்து வளைவு வரை போனேன். விடிந்துகொண்டு வந்தது. இந்நேரம் அவர்கள் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், போய் என்ன முகத்தோடு நிற்பது என்று அங்கேயே நிறுத்தினேன். பிறகு வானைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்தபோது விளக்கு எரிந்தபடியே வந்ததை மனைவி கண்டுவிட்டாள். இதென்ன இப்படி எரிகிறது என்று கேட்டாள். மல்லாவி மெக்கானிக் முன்பு சொல்லித் தந்த முறை ஒன்று இப்போதுதான் ஞாபகம் வந்தது, அதன்படி செய்தேன் என்றேன். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அன்று தபாலதிபர் வீட்டாரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்த் திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. அவர்களும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லும்போது மெக்கானிக் முழு வேலையையும் தானே செய்து தந்ததாக வளர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் காணிக்காரர் உடுப்பு எடுக்க வந்தார். கண் விழித்துவிட்டா, பால் குடிக்கிறா என்று என் மனைவியிடம் சொன்னார். நான் கொட்டிலுக்குள் இருந்து கேட்டேன். வெளியே வரவில்லை. என் மனைவி அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள், பிள்ளைகள் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் விட்டார்கள். வீட்டில் எல்லாரும் எனக்குத் தெரியாதது போல எனக்காகக் கடன் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம் என்று கேள்விப்பட்டேன். யாரும் கேட்காமல் நானாக வானை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். வழி நெடுக வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ‘நீ சொன்னது சரி’ என்று தொடங்கினேன். பிறகு அதை ‘நீங்கள் சொன்னது சரி’ என்று மாற்றினேன். அந்த ‘நீங்கள்’ வாயில் வர நாலைந்து மைல் போனது.

அவர் வார்ட் வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, அது என்னைக் குனிய வைத்தது. உள்ளே அவருடைய மனைவி கட்டிலில் இருந்தபடி, “ஐயா வந்திருக்காரா” என்று வார்ட் முழுவதும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகக் கேட்டார். ஏன் இப்படிக் கத்துகிறார் என்று நினைத்தேன். காது போய்விட்டது என்று காணிக்காரர் சொன்னார். வலது காது முழுவதும் அடைத்துவிட்டது, இடது காதில் கிட்டப் போய்ச் சத்தமாகச் சொன்னால் கொஞ்சம் விளங்கும். காய்ச்சலாலா, மருந்தாலா, அந்த ஐந்து மணித்தியாலத்தாலா என்று எந்த டொக்டரும் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கப் பயந்தேன்.

மருந்து எடுக்க வரிசையில் நின்று வெளிக்கிடும்போது பொழுது சரிந்துவிட்டது. பெற்றோல் கிடைக்காததால் எங்கள் பக்கத்து வான்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எழுப்பும்போது மட்டும் எஞ்சினுக்குள் கொஞ்சம் பெற்றோல் சொட்டுவிட்டு வளைகம்பியைச் சுழற்ற வேண்டும், இருவர் நின்றால் லேசு. நான் சுழற்றினேன். அவர் பொனற்றுக்குள் குனிந்து சிறிய போத்தலால் சொட்டுவிட்டார். எஞ்சின் எழும்பிய பிறகும் அவர் நிமிரவில்லை. பற்றரிக்குப் பக்கத்தில், வயர் பூட்டிய போல்ற்றைச் சுற்றி, பச்சைக்கு நடுவே, காய்கறிக் கத்தி கீறிய கீறல்களோடு ஒரு குற்றிக்காசு அளவு இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொனற்றை மெல்ல இறக்கி மூடிவிட்டு, போத்தலை மூடி போட்டு என்னிடம் தந்தார்.

அவரை எனக்குப் பக்கத்தில் முன்னால் இருக்கச் சொன்னேன். அவருடைய மனைவி எங்களுக்குப் பின்னால், வானின் பக்கத் தகட்டில் சாய்ந்தபடி இருந்தார். சொல்ல வேண்டும், இப்போது சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பாலத்திலும் நினைத்தேன். வன்னேரிக்குளத்துக்கு முன்னால் இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டேன். பாதிக் கறுப்புப் பூசிய கண்ணாடிகளால் வந்த வெளிச்சத்தில் வீதியின் கிடங்குகள், ஓரத்துப் புல், தூரத்தில் எழும்பி ஒதுங்கிய ஒரு மாடு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

“நல்லா எரியுதுங்க,” என்றார்.

இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. வாய் திறந்தேன். வந்தது இதுதான்:

“மல்லாவியிலை ஒரு மெக்கானிக் செய்து தந்தவர்.”

 நாங்கள் கதைத்ததைக் கண்டுவிட்டு, பின்னால் இருந்து அவருடைய மனைவி முன்னுக்குச் சாய்ந்தார். ஐயா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவர் திரும்பி, மனைவியின் இடது காதில் வாயை வைத்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

“மல்லாவியில, ஒரு மெக்கானிக்கு, லைட்டு செஞ்சு குடுத்தாராம்.”

முதல் தரம் அவருக்கு விளங்கவில்லை. காணிக்காரர் இன்னும் சத்தமாக, இன்னும் ஒரு தரம் சொன்னார். என் பொய் வானுக்குள் இரண்டு தரம் முழங்கியது. விளங்கியதும் அந்த மனுசி சிரித்து, முன்னால் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி கையெடுத்துக் கும்பிட்டார்.

“அந்த மெக்கானிக்கு மகராசனா இருக்கணும்,” என்றார். “அன்னைக்கு இந்த வெளிச்சம் இல்லாமப் போச்சே.”

“ஆமா,” என்றார் அவர், வீதியைப் பார்த்துக்கொண்டே. நான் வானை ஓட்டினேன்.